ரஷ்ய எழுத்து சரியாகத் தெரியவில்லை, தட்டவும் வரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மருத்துவம் படிக்க ரஷ்யா போகிற பிள்ளைகள், வேலையில் ரஷ்ய ஆவணம் கைக்கு வருகிறவர்கள், ஆசைக்கு மொழி கற்கிறவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "என் கணினியில் ரஷ்யன் ஏற்ற என்ன சாஃப்ட்வேர் போட வேண்டும்?" படிப்பதற்கு எதுவும் போட வேண்டாம். இன்றைய விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் சிரிலிக், அதாவது ரஷ்ய எழுத்துமுறைக்கான எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. தட்டுவதற்குக் கீபோர்டு மட்டும் சேர்த்தால் போதும். அதற்குப் பிறகும் கோளாறு என்றால், திரையில் என்ன தெரிகிறது என்று நிதானமாகப் பாருங்கள். கேள்விக்குறிக்கும் கட்டத்துக்கும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துக்கும் காரணம் வெவ்வேறு, மருந்தும் வெவ்வேறு.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு எச்சரிக்கை: குப்பையாகத் தெரிகிற கோப்பைச் சேமிக்காதீர்கள். குப்பை பெரும்பாலும் பார்வைக் கோளாறுதான்; உள்ளே பைட்டுகள் பத்திரமாக இருக்கும். அந்தக் குப்பையையே சேமித்தால்தான் கோப்பு நிஜமாகக் கெடும். மூடும்போது "சேமிக்கட்டுமா" என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு நகல் எடுத்துக்கொண்டு, சோதனையெல்லாம் நகலில் செய்யுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது

அந்த எழுத்துருவில் சிரிலிக் இல்லை, அவ்வளவுதான். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கேலிப்ரி இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். அலங்கார எழுத்துருக்களில்தான் இது அதிகம் வரும். சில மென்பொருள்கள் கட்டம் காட்டாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து சத்தமில்லாமல் கடன் வாங்கிவிடும். ஒரே வரியில் சில எழுத்து தடித்தும் சில மெலிந்தும் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

எல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது

இது மோசமான செய்தி. சிரிலிக்குக்கு இடமே இல்லாத ஒரு என்கோடிங்கில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணை) யாரோ சேமித்துவிட்டார்கள். இடம் கிடைக்காத ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிட்டது. உள்ளே இப்போது இருப்பதும் வெறும் கேள்விக்குறிதான். எந்த எழுத்துருவாலும் எந்த டிகோடராலும் மீட்க முடியாது. அனுப்பியவரிடம் மூலக்கோப்பை மறுபடி கேளுங்கள். நோட்பேடில் "ஏஎன்எஸ்ஐ" என்று சேமிப்பது, எக்செலில் பழைய சிஎஸ்வி வகையில் சேமிப்பது, டேட்டாபேஸில் யூனிகோடு அல்லாத பத்தியில் தகவலைப் போடுவது, மூன்றும் வழக்கமான காரணங்கள். எக்செலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.

எழுத்து தெரிகிறது, ஆனால் குப்பை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். தமிழில் யூனிகோடுக்கு முன்னால் டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு வழி இருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ரஷ்யத்திலும் அதே கதை. டாஸ் காலத்தில் 866, விண்டோஸில் 1251, யுனிக்ஸிலும் மின்னஞ்சலிலும் கேஓஐ8-ஆர், மேக்குக்குத் தனியாக ஒன்று. போதாதென்று ஐஎஸ்ஓ 8859-5 என்ற தரநிலை வேறு. அதை அதிகம் பேர் சீண்டவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. பழைய தமிழ்க் கோப்புக்கு உரிய எழுத்துருவை நிறுவினால் போதும். ரஷ்யத்தில் எழுத்துரு மாற்றி ஒரு பயனும் இல்லை. இந்தக் கோப்பு எந்த என்கோடிங்கில் எழுதப்பட்டது என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கக் கண் போதும்.

குறுக்குக்கோடு போட்ட பெரிய "டி", தலையில் அலைக்கோடு போட்ட பெரிய "என்", இந்த இரண்டும் ஒன்று விட்டு ஒன்று வந்துகொண்டே இருந்தால், கோப்பு யூடிஎஃப்-8. மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பிய 1252 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. யூடிஎஃப்-8-ல் ஒரு ரஷ்ய எழுத்துக்கு இரண்டு பைட்டு. முதல் பைட்டு எப்போதும் இரண்டில் ஒன்றுதான். அதனால்தான் அந்த இரண்டு எழுத்தும் திரும்பத் திரும்ப வருகின்றன.

அதே ஒன்று விட்டு ஒன்று, ஆனால் வருவது ஆங்கிலப் பெரிய "பி", "சி" போன்ற எழுத்துகள் என்றால், யூடிஎஃப்-8-ஐ 1251 என்று படித்திருக்கிறது. அந்த "பி"யும் "சி"யும் உண்மையில் ரஷ்ய ர-வும் ஸ-வும்.

கொம்பும் தொப்பியும் வைத்த லத்தீன் எழுத்துகள், ஆனால் சொல்லின் முதல் எழுத்து பெரிதாக, மற்றவை சிறிதாக, பார்ப்பதற்கு ஒழுங்கான வாக்கியம்போல இருக்கிறதா? கோப்பு 1251, படித்தது 1252.

கொம்பு வைத்த எழுத்துகள்தான், ஆனால் பெரிதும் சிறிதும் தலைகீழாக இருக்கிறது. முதல் எழுத்து சிறிது, மீதியெல்லாம் பெரிது, நடுவே பெருக்கல் குறி வேறு. சந்தேகமே வேண்டாம், கேஓஐ8-ஆர். இந்த என்கோடிங்கில் ரஷ்ய எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கவில்லை. ஒத்த ஒலியுள்ள லத்தீன் எழுத்தின் இடத்துக்கு நேராக அடுக்கினார்கள். எட்டாவது பிட்டை வழியில் தொலைக்கிற பழைய மின்னஞ்சல் சர்வர்களைத் தாண்டினாலும், மிஞ்சுவது லத்தீனில் எழுதிய ரஷ்யம்போல வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்று யோசித்த ஏற்பாடு அது. "பிரிவியத்" என்ற வணக்கச் சொல் பிட் தொலைந்தபின் பி, ஆர், ஐ, டபிள்யூ, இ, டி என்று நிற்கும், முதல் எழுத்து மட்டும் சிறியதாக. அந்த அடுக்கில் சிறிய எழுத்துகள் முன்னாலும் பெரியவை பின்னாலும் இருப்பதால்தான் வேறு என்கோடிங்கில் படித்தால் அளவு தலைகீழாகிறது. கேஓஐ8-ஆர் 1993-ல் ஆர்எஃப்சி 1489 என்ற இணைய ஆவணமாகப் பதிவானது. பழைய ரஷ்ய மின்னஞ்சல் சேமிப்புகளில் இன்றும் இதைக் காணலாம்.

ரஷ்ய எழுத்துகளுக்கு நடுவே இரட்டைக்கோட்டுக் குழாய், மூலை வளைவு என்று பெட்டி வரைகிற துண்டுகள் கலந்து வந்தால், 1251-ஐ 866 என்று படித்திருக்கிறது. கறுப்புத் திரைக் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் வழக்கமாகப் பார்ப்பது.

(இந்தக் குப்பைக்கு ஒரு புகழ்பெற்ற படமே இணையத்தில் உண்டு. ரஷ்யாவுக்கு அனுப்பிய பார்சலில், கேஓஐ8-ஆர் முகவரியைக் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்தாகவே பேனாவால் பார்த்து வரைந்திருக்கிறார் அனுப்பியவர். அங்கே தபால்காரர் ஒவ்வொரு எழுத்துக்கு மேலும் சரியான ரஷ்ய எழுத்தை எழுதி டிகோட் செய்திருக்கிறார்.)

என்கோடிங் தெரிந்துவிட்டதா? உரைக் கோப்பு என்றால் நோட்பேட்++ போதும். என்கோடிங் மெனுவில் கேரக்டர் செட்ஸ், அதற்குள் சிரிலிக், அதில் விண்டோஸ்-1251, கேஓஐ8-ஆர், ஓஇஎம் 866 எல்லாம் வரிசையாக இருக்கும். சரியானதைச் சொடுக்கிய உடனே வாக்கியம் தெளிவாகும். தெளிவான பிறகுதான், அதே மெனுவில் "கன்வர்ட் டு யூடிஎஃப்-8" கொடுத்துச் சேமிக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். குப்பையாகத் தெரியும்போதே கன்வர்ட் கொடுத்தால், குப்பை அழகாக யூடிஎஃப்-8 ஆகும். லினக்ஸ்காரர்களுக்கு ஐகான்வ் என்ற ஒற்றைக் கட்டளையே போதும்.

இரண்டு மூன்று முறை தப்பாக மாற்றிச் சேமித்த கோப்பு கையில் வந்தால், நீங்களே மல்லுக்கட்ட வேண்டாம். ஆர்ட்டெமி லெபெதெவ் ஸ்டுடியோ தளத்தில் ஒரு டிகோடர் இருக்கிறது. குப்பையை ஒட்டினால் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து மீட்டுத் தரும். பாஸ்போர்ட் விவரம், ஒப்பந்தம் மாதிரி ரகசியங்களை மட்டும் அங்கே ஒட்டாதீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் குப்பை

பழைய ரஷ்ய வலைப்பக்கம் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள். ஆல்ட் அழுத்தி மெனுவை வரவழைத்து, வியூ மெனுவில் "ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்" கொடுத்தால் அதுவே கண்டுபிடித்துச் சரிசெய்யும். குரோமில் என்கோடிங் மெனுவை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

சினிமா சப்டைட்டில் என்றால், விஎல்சியில் ப்ரெஃபரன்ஸஸ், சப்டைட்டில்ஸ் பக்கத்தில் டிஃபால்ட் என்கோடிங்கை விண்டோஸ்-1251 ஆக்குங்கள். பார்த்து முடித்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கி எக்செலில் திறக்காதீர்கள். டேட்டா தாவலில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாக எடுத்து, ஃபைல் ஆரிஜினில் 65001 (யூடிஎஃப்-8) அல்லது 1251 தேர்ந்தெடுங்கள். எழுத்து சரியாகி, எல்லாத் தகவலும் ஒரே பத்தியில் நெருக்கிக்கொண்டு நின்றால் அது என்கோடிங் கோளாறு இல்லை. ரஷ்யாவில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. அதனால் அவர்கள் சிஎஸ்வியில் பத்திகளை அரைப்புள்ளியால் பிரிப்பார்கள். டிலிமிட்டரை செமிகோலன் ஆக்குங்கள்.

ஜிப் உள்ளே கோப்புப் பெயர்கள் மட்டும் குப்பை, கோப்பைத் திறந்தால் உள்ளே நன்றாக இருக்கிறது என்பது இன்னொரு ரகம். ரஷ்ய விண்டோஸ் பழைய முறையில் ஜிப் செய்யும்போது பெயரை 866-ல் எழுதும். வின்ரார் இருந்தால் ஆப்ஷன்ஸில் நேம் என்கோடிங்கை மாற்றுங்கள். செவன்-ஜிப் என்றால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பிரிக்கும் கட்டளையோடு, சிறிய எழுத்தில், "-எம்சிபி=866" சேர்க்க வேண்டும்.

பழைய மென்பொருளின் மெனு முழுக்கக் குப்பை

யூனிகோடு தெரியாத மென்பொருள். அதற்கு விண்டோஸின் சிஸ்டம் லோக்கேல் (இத்தகைய மென்பொருள்களுக்கான மொழி அமைப்பு) தான் எல்லாம். கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாவல், "சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல்", ரஷ்யன் (ரஷ்யா), மறுதொடக்கம். அதே பெட்டியில் யூடிஎஃப்-8 பற்றி "பீட்டா" என்று ஒரு டிக் இருக்கும். அது போடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரஷ்யன் தேர்ந்தும் பயன் இருக்காது.

செய்வதற்கு முன் அந்தக் கணினியில் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள். டிஸ்கி, டாப் எழுத்துருக்கள் தமிழை 128-க்கு மேற்பட்ட இடங்களில் வைத்திருப்பவை. யூனிகோடு இல்லாத மென்பொருளில் அவை 1252-ஐ நம்பி நிற்கின்றன. லோக்கேலை ரஷ்யனாக்கினால் அந்த இடங்களெல்லாம் சிரிலிக்குக்குப் போய்விடும். பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருவோடு வேலை நடக்கிற டிடிபி கணினியில் இதைச் செய்தால், திருமணப் பத்திரிகை ரஷ்ய மொழியில் வந்து நிற்கலாம். அங்கே லோக்கேல் எமுலேட்டர் மாதிரி, அந்த ஒரு மென்பொருளை மட்டும் ரஷ்ய லோக்கேலில் ஓட்டுகிற கருவி நல்லது. வேலை யூனிகோடில்தான் நடக்கிறது என்றால் கவலை இல்லை.

தட்டப் போனால் ரஷ்யன் வரவே இல்லை

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன், ஆட் எ லாங்குவேஜ். "ரஷ்யன்" சேருங்கள். டிஸ்ப்ளே லாங்குவேஜாக வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மெனுவெல்லாம் ரஷ்யத்தில் பேசும். மாறுவதற்கு விண்டோஸ் விசை + ஸ்பேஸ்.

சேர்த்தும் வரவில்லை என்றால், இ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ் மென்பொருள் ஓடுகிறதா பாருங்கள். அவை விசைகளை நடுவிலேயே வாங்கிக்கொள்ளும். நிறுத்திவிட்டு மறுபடி தட்டுங்கள். ஒரு சாளரத்தில் ரஷ்யன், அடுத்த சாளரத்தில் ஆங்கிலம் என்று தானாகத் தாவினால், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கீபோர்டு என்ற டிக்கைப் பாருங்கள். எனக்கு அது எடுத்துவிட்டிருப்பதுதான் பிடிக்கும்.

வருகிறது, ஆனால் நினைத்த எழுத்து வரவில்லை

"ஏ" தட்டினால் ஃப வருகிறது, "க்யூ" தட்டினால் ய் வருகிறது என்றால் கோளாறே இல்லை. அதுதான் ரஷ்யாவின் வழக்கமான தட்டச்சு வரிசை. ஆங்கிலத்தோடு ஒலி ஒற்றுமை எதிர்பார்க்கக்கூடாது. ஒலிப்படியே வேண்டும் என்றால், ரஷ்யன் மொழிக்கான லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் "ரஷ்யன் – நெமானிக்" கீபோர்டைச் சேருங்கள். அதில் சில விசைகள் அடுத்த விசைக்காகக் காத்திருக்கும். "எஸ்" தட்டியதும் ஒன்றும் விழாது; பின்னால் "எச்" வந்தால் ஷ ஆகும். கீபோர்டு பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

எது கற்கலாம்? தமிழ்99-ஆ, தங்கிலீஷ் முறையா என்கிற நம் பழைய சண்டைதான் இதுவும். எப்போதாவது ஒரு பெயர், ஒரு தேடல் என்றால் நெமானிக் போதும். அங்கே போய்ப் படிக்கப் போகிறவர் வழக்கமான வரிசையையே கற்பது நல்லது. பல்கலைக்கழகக் கணினி, நண்பனின் லேப்டாப், எதைத் தொட்டாலும் அதுதான் இருக்கும். விசைகளுக்கு மேல் ஒட்டும் ஸ்டிக்கர் கிடைக்கும். அதுவரை விண்டோஸ் + கன்ட்ரோல் + ஓ அழுத்தினால் திரையில் கீபோர்டு வரும்.

முற்றுப்புள்ளி தட்டினால் "யூ" எழுத்து விழும், காற்புள்ளி தட்டினால் ப விழும். 33 எழுத்துக்கு இடம் வேண்டுமே, நிறுத்தக்குறிகளை நகர்த்திவிட்டார்கள். முற்றுப்புள்ளி வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில், சாய்கோட்டு விசையில். ஷிஃப்டோடு அதையே தட்டினால் காற்புள்ளி. கேள்விக்குறி ஷிஃப்ட் + 7. மின்னஞ்சலுக்கான "அட்" குறி இந்த வரிசையில் கிடையவே கிடையாது, ஆங்கிலத்துக்கு மாறித்தான் தட்ட வேண்டும். இரண்டு புள்ளி வைத்த "யோ" எழுத்து 1-க்கு இடப்பக்க விசையில். ரூபிள் குறி வலது ஆல்ட் + 8. 2014-ல் யூனிகோடில் சேர்ந்த குறி என்பதால் அதற்கு முந்தைய எழுத்துருக்களில் கட்டமாகத் தெரியும்.

மேக்கில் ரஷ்யன் என்று சேர்த்தவர்களுக்குக் காற்புள்ளியும் புள்ளியும் எண் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும். "ரஷ்யன் – பிசி" என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணினிக்குள் நுழைய பாஸ்வேர்டு ஏற்கவில்லை

நுழைவுத் திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "பி, ஒய், சி" என்று படிக்கத் தோன்றும் மூன்றெழுத்து இருந்தால் அது "ரூஸ்", ரஷ்யக் கீபோர்டு. அதைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருந்தால் இது திரும்ப வராது.

பார்க்கச் சரியாக இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, பிடிபடாதவரை தூக்கம் கெடுப்பதும் இதுதான். அ, எ, ஒ, ர, ஸ, ஹ ஒலிகளுக்கான ரஷ்ய எழுத்துகள், பார்வைக்கு ஆங்கில ஏ, இ, ஓ, பி, சி, எக்ஸ் மாதிரியே இருக்கும். கணினிக்கு அவை வேறு. ரஷ்ய ஸ-வும் ஆங்கில "சி"யும் ஒரே விசையில் வேறு உட்கார்ந்திருக்கின்றன! கீபோர்டை மாற்ற மறந்து தட்டினால் கண்ணுக்குத் துளியும் தெரியாது. கோப்புப் பாதை வேலை செய்யாது, ஃபார்ம் பெயரை ஏற்காது, எக்செலில் விலுக்அப் "#என்/ஏ" என்று பிழை காட்டும்.

வேர்டில் சந்தேகப்படும் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் அழுத்துங்கள். ஆங்கில "சி" என்றால் 63 என்று முடியும் எண் வரும், ரஷ்ய ஸ என்றால் 0441. மறுபடி ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். இதே வித்தையால், உயிரெழுத்துக்குப் பின் 0301 தட்டி ஆல்ட் + எக்ஸ் கொடுத்தால் பாடப்புத்தகங்களில் வரும் அழுத்தக்குறியும் விழும்.

மேக்கிலிருந்து வந்த கோப்புப் பெயரில், "குறில் இ" எனப்படும் ய் எழுத்தின் தலைத்தொப்பி கொஞ்சம் விலகி உட்கார்ந்திருந்தால், அங்கே அடிப்படை எழுத்தும் தொப்பியும் இரண்டு குறிகளாகப் பிரிந்திருக்கின்றன. அந்தப் பெயரை மறுபடி கையால் தட்டுவதுதான் விரைவான வழி. "யோ"வுக்குப் பதில் புள்ளியில்லாத எழுத்தையே எழுதுவது ரஷ்யர்களிடம் சாதாரணம். தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

சாய்வெழுத்து ஆக்கினால் எழுத்தே மாறுகிறது

மாறவில்லை. ரஷ்யச் சாய்வெழுத்து கையெழுத்தை ஒட்டியது: த என்பது ஆங்கிலச் சிறிய "எம்" போலவும், இ என்பது "யு" போலவும், ப என்பது "என்" போலவும் ஆகும். அப்படியே விட்டுவிடுங்கள்.

பிடிஎஃபில் நன்றாகத் தெரிகிறது, நகலெடுத்தால் குப்பை

எழுத்து வடிவம் உள்ளே இருக்கிறது, அது எந்த எழுத்து என்ற அட்டவணை இல்லை. என்கோடிங் மாற்றி மீட்க முடியாது. பக்கத்தைப் படமாக்கி ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் முறை) கொடுங்கள். அதற்கான டெசராக்ட் மென்பொருள் இலவசம், ரஷ்ய மொழித் தரவைச் சேர்த்து இறக்க வேண்டும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே படிக்கும். கடினக் குறி, மென் குறி என்ற, பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ரஷ்ய எழுத்துகளை மட்டும் சில இடங்களில் குழப்பும், ஒருமுறை கண்ணோட்டம் விட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.